அனிமேவில் வாய் மட்டும் அசைகிறது, ஆள் சிலை மாதிரி நிற்கிறார். வரைபவர்களின் சோம்பேறித்தனமா?

சோம்பேறித்தனம் என்ற வார்த்தையைப் பார்த்ததால்தான் எழுத உட்கார்ந்தேன், இல்லாவிட்டால் கடந்து போயிருப்பேன். நீங்கள் அனேகமாக ஒரு டிஸ்னி படத்தைப் பார்த்த கையோடு பழைய ஜப்பான் தொடர் ஒன்றைப் போட்டிருப்பீர்கள், எரிச்சல் வந்திருக்கும். சரி, நியாயம்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஜப்பானுக்குப் போனதில்லை, எந்த அனிமேவுக்கும் ஒரு கோடு போட்டதில்லை. 2003 முதல் நாலு வருஷம் சென்னையில் ஒரு டூ-டி (கையால் வரையும் அனிமேஷன்) கம்பெனியில் வெள்ளைக்காரத் தொடர்களுக்கு இன்பிட்வீனராக இருந்தேன், அவ்வளவுதான். "அப்புறம் உனக்கென்ன தெரியும்" என்று கமெண்டில் வரப்போகிறவர்கள் தாராளமாக வரலாம். தாளுக்கு அடியில் விளக்கெரியும் லைட் பாக்ஸும் பென்சிலும் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

இன்பிட்வீனர் என்றால், சீனியர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைந்து கொடுத்துவிடுவார், நடுவில் வர வேண்டிய படங்களெல்லாம் நம் தலையில். என் முதல் வாரத்தில் ஒரு பெண் திரும்பிப் பார்க்கிற ஷாட் வந்தது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, நடுவில் மூன்று நான் போட வேண்டும். இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அந்த மூக்குக்கும் இந்த மூக்குக்கும் சரிபாதியில் ஒரு மூக்கு, கண்ணுக்கும் அதே மாதிரி என்று ராத்திரி பதினொரு மணிவரை கோடு கோடாக அளந்து வரைந்தேன். காலையில் சீனியர் அண்ணன் ஐந்து தாளையும் விரலிடுக்குகளில் செருகி மேலும் கீழும் புரட்டினார். தலை திரும்பவே இல்லை. முகம் சுருங்கி, பிறகு உப்பியது. "மூக்கு கன்னத்துக்குள்ள போய்ட்டு வருது தம்பி, பாத்தியா?" என்றார். தலை நேர்கோட்டில் திரும்பாது, லேசாக இறங்கி வளைந்து போய்த்தான் ஏறும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுபடி வரைந்தேன், அதற்கும் மறுபடி வரைந்தேன். தாள் கணக்கில்தான் கூலி, திரும்பி வந்த தாளுக்குக் காசு கிடையாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஜப்பான் டிவி தொடர்களில் பெரும்பாலும் ஒரு படத்தை மூன்று ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள், அதாவது நொடிக்கு 8 படம். 1963 ஜனவரி 1 அன்று ஃபூஜி டிவியில் அஸ்ட்ரோ பாய் தொடங்கியபோது காமிக்ஸ் ஓவியர் ஒசாமு தெசுகாவின் கம்பெனியான முஷி புரொடக்‌ஷன் வாராவாரம் ஓர் அரைமணி நேர எபிசோடு கொடுத்தாக வேண்டும். எல்லாவற்றையும் அசைக்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. அதனால் முகம் ஒரு செல்லில் (படம் தீட்டும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாள்), வாய் தனியாக இன்னொரு செல்லில். மூடியது, பாதி திறந்தது, முழுக்கத் திறந்தது என மூன்று வாய் இருந்தால் எவ்வளவு நீள வசனத்தையும் ஓட்டிவிடலாம். பறக்கிற காட்சியை வரைந்தால் பத்திரமாக எடுத்து வைத்து அடுத்தடுத்த எபிசோடுகளிலும் போடுவார்கள், அதற்குப் பெயரே 'பேங்க்'. ஆக, காசு மிச்சம்தான், நான் மறைக்கவில்லை. அப்படி மிச்சம் பிடித்தும் அந்தக் கம்பெனி 1973இல் திவாலானது, அது வேறு கதை.

ஆனால் பஞ்சத்தில் பழகிய கை அதையே வித்தையாக்கிக்கொண்டது. முஷியிலிருந்து வந்த இயக்குநர் ஒசாமு தெசாகி, உணர்ச்சி உச்சத்துக்குப் போகும் இடத்தில் காட்சியை அப்படியே உறையவைத்து, அந்த ஒரு படத்தை மட்டும் ஓவியமாகத் தீட்டிக் காட்டுவார். எவாஞ்சலியன் என்ற தொடரின் 22ஆம் எபிசோடில் இரண்டு பெண்கள் லிஃப்டில் பேசாமல் நிற்பார்கள், கிட்டத்தட்ட ஒரு நிமிஷம், லிஃப்ட் சத்தம் மட்டும். முதல் தடவை பார்த்தபோது டிவிடி மாட்டிக்கொண்டது என்று நினைத்து ரிமோட்டைத் தேடினேன். அவர்களை ஓடவிட்டிருந்தால் எனக்கு அந்த மூச்சுமுட்டல் வந்திருக்காது.

இன்னொன்று. ஆள் அசையாமல் நின்றால் இன்பிட்வீனருக்கு வேலை இல்லை, வேலை இல்லை என்றால் கூலியும் இல்லை. அங்கேயும் பெரும்பாலும் தாள் கணக்குதான், ஒரு நடுப்படத்துக்கு 200 யென்னைச் சுற்றித்தான் கிடைக்கும். தொடர் ஹிட்டானாலும் உரிமை பதிப்பகம், சேனல், பொம்மைக் கம்பெனி எல்லாம் சேர்ந்து அமைக்கும் தயாரிப்புக் குழுவுக்குத்தான். அதில் பணம் போடாத ஸ்டூடியோவுக்கு வரைந்த கூலியோடு சரி. நள்ளிரவுத் தொடர்களுக்கு அந்தக் குழுவே சேனலுக்குப் பணம் கட்டி நேரம் வாங்குகிறது, வரைகிறவனுக்குக் கொடுக்கத்தான் கை வராது. இதில் யாரைச் சோம்பேறி என்கிறீர்கள்?

எங்கள் கம்பெனி மூடும்போது கடைசி இரண்டு மாதப் பணம் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அதைவிடக் கொடுமை சொந்தக்காரர்கள். நான் பென்சிலைத் தொட்டுப் பதினைந்து வருஷம் ஆகிறது, இருந்தாலும் யார் வீட்டுப் பிள்ளைக்கு ஸ்கூலில் சார்ட் கேட்டாலும் "அவன்தான் பொம்மைப் படம் வரையிறவனாச்சே" என்று என் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், டீ கூடக் கிடையாது. போன மாசம் தவளையின் வாழ்க்கைச் சுழற்சி. முட்டை, தலைப்பிரட்டை, வால் தவளை, தவளை என்று நாலுதான் கேட்டிருந்தார்கள். கை சும்மா இருக்குமா, நடுவில் இரண்டு சேர்த்துப் போட்டுவிட்டேன். டீச்சர் புத்தகத்தில் இல்லாததை வரையக்கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார், மறுபடி வரைந்தேன்.