14 அடி கம்பு பினாங்குக் கரைக்குத் தேவையா?

ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "எனக்கு வயது 56. வார இறுதிகளில் பத்து பெரிங்கி, தெலுக் பஹாங் பக்கம் கரையில் நின்று தூண்டில் போடுவேன். இப்போதுள்ள 12 அடி ஃபைபர் கம்பு கனமாக இருக்கிறது, தோள் வலிக்கிறது. இன்னும் தூரம் வீச 14 அடியில் இலேசான கம்பு 300 வெள்ளிக்குள் கிடைக்குமா? ரீல் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில்தான் போவேன்."

கிடைக்கும், ஐயா. ஆனால் வாங்காதீர்கள்.

அந்த விலைக்கு வரும் 14 அடிக் கம்பில் 'கார்பன்' என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும், பாதிக்கு மேல் கனமான கண்ணாடி இழை ஃபைபராக இருக்க வாய்ப்பு அதிகம். நீளம் கூடினால் நுனி கனக்கும். தோளை வருத்துவது மொத்த எடையைவிட அந்த நுனி எடைதான். அதே 300 வெள்ளியை 12 அடிக்குப் போட்டால் மெலிந்த சுவருள்ள, கார்பன் கூடுதலான கம்பு கைக்கு வரும்.

14 அடி எதற்கு? உடைந்து வரும் அலைக்கு மேலே தூண்டில் நரம்பைத் தூக்கிப் பிடிக்க. கிழக்கே திரங்கானு, கிளந்தான் கரைகளில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது அந்த உயரம் உதவும். நம் பக்கமோ மலாக்கா நீரிணை. சுமத்ரா மறைத்து நிற்கிறது, அலை பெரும்பாலும் சிறியது. கெலாமா, செம்பிலாங் மீன்கள் கரைக்குப் பக்கத்திலேயே மேயும்.

தூரம்தான் வேண்டும் என்றால் முதலில் நரம்பை மாற்றுங்கள். ரீலில் தடித்த நைலான் இருந்தால் அதை எடுத்துவிட்டு, 20 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு சுற்றுங்கள். மெலிந்த நரம்பு காற்றிலும் கம்பின் வளையங்களிலும் குறைவாக உரசும். கம்பில் கூடும் ஓரிரண்டு அடியைவிட இதில் கிடைக்கும் தூரம் அதிகம். வீசும் வேகத்தில் அறாமலிருக்க, பின்னல் நரம்பின் முனையில் தடித்த நைலான் துண்டு, அதாவது முன்நரம்பு, கட்டாயம். ஈயக் குண்டின் ஒவ்வோர் அவுன்ஸுக்கும் முன்நரம்பு 10 பவுண்டு தாங்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 100 கிராம் ஈயம் என்றால் மூன்றரை அவுன்ஸ், ஆக 35 முதல் 40 பவுண்டு. பத்து பெரிங்கியில் ஞாயிறு மதியம் குளிப்பவர்களும் ஜெட் ஸ்கியும் நிறைந்திருக்கும். நரம்பு அறுந்து பறக்கும் ஈயம் ஆளைக் கொன்றுவிடும். நான் சொல்வேன், அந்த நேரத்தில் அங்கே வீசவே வேண்டாம்.

சரி, கடைக்குப் போகிறீர்கள். கம்பின் அடிப்பகுதியில் எத்தனை கிராம் வீசலாம் என்று அச்சிட்டிருக்கும். 100 கிராம் ஈயத்தோடு இறால் துண்டோ பும்புன் புழுவோ சேர்ந்தால் 120-ஐத் தொடும். ஆகவே 80 முதல் 150 வரை உள்ளதைக் கேளுங்கள். 250 வரை தாங்கும் கம்பு உங்களுக்கு உலக்கைதான். அதை வளைக்கவே தோள் வலு போய்விடும்.

உங்கள் ரீலையும் கொண்டு போங்கள். மாட்டி, வீசும்போது பிடிப்பதுபோல் பிடித்துப் பாருங்கள். நுனி கீழே இழுத்தால், அட்டையில் என்ன எடை போட்டிருந்தாலும் அது கனமான கம்புதான். வளையங்களுக்குள் பஞ்சை ஓட்டுங்கள். சிக்கினால் வளையத்தின் உள்பக்கப் பீங்கானில் கீறல் இருக்கிறது, பின்னல் நரம்பை அது அறுத்துவிடும்.

மோட்டார் சைக்கிளுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக உள்ளிழுக்கும் கம்பு வசதிதான், ஆனால் மூட்டுகளில் மணல் புகுந்தால் சீக்கிரம் தேயும். மூன்று துண்டாகக் கழற்றும் 12 அடிக் கம்பு, உறையில் போட்டால் ஏறக்குறைய நாலேகால் அடிதான், முதுகில் மாட்டிக்கொள்ளலாம். பணம் மிஞ்சினால் மணலில் குத்தும் தாங்கி ஒன்று வாங்குங்கள். வீசியதும் அதில் நிறுத்திவிட்டால் தோளுக்கு வேலையே இல்லை.

அப்புறம், கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்கு அடியில் கம்பை நிமிர்த்தாதீர்கள். இடி கேட்டால் மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கம்பை மணலில் படுக்கவைத்துவிட்டு ஏதாவது கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.