மலட்டு ஆண் ஈக்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். வெளிநாடுகளில் ஆண் பழ ஈயை மலடாக்கிப் பறக்கவிட்டே ஈயை ஒழிக்கிறார்களாமே, தனி விவசாயி இதைச் செய்ய முடியுமா?

பதில்: முடியாது. மலட்டு ஆண் எந்த ஈயையும் கொல்வதில்லை. அதோடு சேர்ந்த பெண் இடும் முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். பக்கத்துத் தோப்பில் நல்ல ஆணோடு சேர்ந்துவிட்டு உங்கள் தோப்புக்குப் பறந்து வரும் பெண்ணை அது ஒன்றும் செய்யாது. அதனால் இது வட்டாரம் முழுவதையும் சேர்த்துச் செய்கிற வேலை. மத்தியதரைப் பழ ஈ வடக்கே போகாமல் குவாத்தமாலா – மெக்சிகோ எல்லையில் பல ஆண்டுகளாகத் தடுத்து நிறுத்துவது இந்த முறைதான். ஜப்பானின் ஒகினாவா தீவுகளில் பூசணிக் குடும்பப் பழ ஈயை 1993இல் முற்றாக ஒழித்ததும் இதுவே.

இன்னொரு நிபந்தனை எண்ணிக்கை. அடியோடு ஒழிக்க வேண்டுமானால் காட்டு ஆண் ஒன்றுக்கு மலட்டு ஆண் நூறாவது இருக்க வேண்டும். ஈ மொய்க்கும் பருவத்தில் அந்த விகிதம் கட்டுப்படியாகாது. முதலில் நச்சு உணவுத் தெளிப்பாலும் பொறியாலும் ஈயைக் குறைத்துவிட்டுத்தான் மலட்டு ஆணை இறக்குவார்கள்.

கேள்வி: ஆணை மட்டும் விடுகிறார்கள் என்று படித்தேன். கோடிக்கணக்கான ஈயில் ஆண் பெண்ணை எப்படிப் பிரிக்கிறார்கள்?

பதில்: மரபியல் உண்மையில் வேலை செய்யும் இடம் இதுதான். பெண்ணையும் சேர்த்து விட்டால் மலட்டு ஆண் கூடவே வந்த மலட்டுப் பெண்ணோடு சேர்ந்து வீணாகும். மலட்டுப் பெண்ணும் முட்டைக்குழாயால் பழத்தைக் குத்தும், குத்திய இடம் அழுகும். குவாத்தமாலாவின் காப்பித் தோட்டங்களில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இருபாலையும் விடுவதைவிட ஆணை மட்டும் விடுவது பல மடங்கு பலன் தந்தது.

இதற்கான மத்தியதரைப் பழ ஈ ரகங்கள் வியன்னா அருகே சைபர்ஸ்டார்ஃப் ஆய்வுக்கூடத்தில் உருவானவை. அதிகம் புழங்கும் ரகம் வியன்னா-8. அதில் இரண்டு குறைபாடுகள் சேர்ந்திருக்கின்றன: ஒன்று கூட்டுப்புழுவை வெள்ளையாக்கும், மற்றது முட்டையைச் சூடு தாங்காததாக்கும். இரண்டும் 5ஆம் குரோமோசோமில் உள்ளவை. பெண்ணுக்கு இரண்டு பிரதியும் குறைபாடுள்ளவை. ஆணுக்கு மட்டும், நல்ல மரபணுக்கள் கொண்ட 5ஆம் குரோமோசோம் துண்டு, ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோமோடு ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஆண் கூட்டுப்புழு பழுப்பாகவே இருக்கும், முட்டையும் சூட்டைத் தாங்கும்.

முட்டைகளைக் காற்றோட்டமுள்ள நீரில் 34 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைத்தால் பெண் கருக்கள் மடியும். புழுத்தீவனம் ஆணுக்கு மட்டும் செலவாகிறது. கூட்டுப்புழு நிறம் பார்த்துப் பிரிக்கும் பழைய ரகங்களில் பாதித் தீவனம் பெண்ணுக்கே போய்விடும். சூடு குறைந்தால் பெண் தப்பும், கூடினால் ஆணும் அடிபடும்.

கோளாறுகளும் உண்டு. ஒய்யில் துண்டு ஒட்டிய ஆணின் விந்தணுக்களில் கணிசமான பங்கு சமநிலை கெட்டவை, அதாவது குரோமோசோம் துண்டு கூடியோ குறைந்தோ இருப்பவை. அதனால் சாதாரண ரகத்தைவிட அதிக முட்டை தேவை. முட்டைக்காகப் பெண்ணையும் சேர்த்து வைத்திருக்கும் தாய்க் கூட்டத்தை வளர்க்கும் தட்டுகளில் நெருக்கமாகக் கிடக்கும் புழுக்களே வெப்பம் கிளப்பும். அறைச் சூட்டைக் குறைக்காவிட்டால் தாய்ப் பெண்கள் அங்கேயே சாகும். பெரிய ஆபத்து வேறு: ஆணில் அரிதாக நல்ல மரபணு ஒய்யை விட்டுக் கழன்று பெண்ணுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட பெண் மற்றவற்றைவிட வலுவானது. சில தலைமுறைகளில் கூட்டத்தை நிரப்பி ரகத்தையே கெடுக்கும். அதனால் ஒரு சிறு மூலக் கூட்டத்தை நெருக்கமில்லாமல் தனியே காப்பார்கள். பழுப்புக் கூட்டிலிருந்து பெண்ணோ வெள்ளைக் கூட்டிலிருந்து ஆணோ வந்தால் எடுத்துப்போட்டுவிட்டு, மீதியிலிருந்து பெருக்கியதை மட்டும் உற்பத்திக்கு அனுப்புவார்கள். உற்பத்தியிலிருந்து மூலக் கூட்டத்துக்கு ஒரு ஈயும் திரும்பாது.

கேள்வி: பிரித்த ஆணை மலடாக்குவது எப்படி? கதிர்வீச்சு அதை நோஞ்சானாக்காதா?

பதில்: ஆக்கும், அளவு மீறினால். கூட்டிலிருந்து ஈ வெளிவர ஓரிரு நாள் இருக்கும்போது கூட்டுப்புழுவுக்குச் சுமார் 100 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) கொடுப்பது வழக்கம். கொடுப்பதற்கு முன் பைகளில் காற்றுப் புகாமல் அடைத்து வைப்பார்கள். உள்ளிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்தால் உடல் சேதம் குறையும். முழு மலடு வேண்டுமென்று அளவை ஏற்றினால் பெண்ணை மயக்க முடியாத ஆண்தான் கிடைக்கும். கொஞ்சம் வளத்தை விட்டுவைத்து வீரியத்தைக் காப்பதே புத்திசாலித்தனம்.

கூட்டுப்புழுவின் மேல் ஒளிரும் சாயப்பொடி பூசுவார்கள். வெளிவரும் ஈயின் நெற்றி மடிப்பில் அது சிக்கிக்கொள்ளும். பொறியில் விழுந்த ஈயைப் புற ஊதா விளக்கில் பார்த்தால் தங்கள் ஈயா காட்டு ஈயா என்று தெரியும். தரச் சோதனை எளிது: உள்சுவரில் டால்க் தடவிய 10 செ.மீ. உயரக் கருப்புக் குழாய்க்குள் 100 கூட்டுப்புழுவைப் போட்டு, எத்தனை பறந்து வெளியேறின என்று எண்ணுவது. சுவரில் ஏறமுடியாமல் உள்ளேயே கிடப்பவை வயலிலும் பயன்படாது.

கேள்வி: இது மரபணு மாற்றப்பட்ட பூச்சிதானே?

பதில்: வியன்னா-8 அப்படியல்ல. குறைபாடுகளைத் தேடியெடுத்தும், கதிர்வீச்சால் குரோமோசோமை உடைத்து ஒட்டவைத்தும் உண்டானது. அயல் மரபணு ஏதும் இல்லை. 2021இல் வெள்ளைக் கூட்டுக்குக் காரணமான மரபணு எது என்று கண்டுபிடித்தார்கள். மத்தியதரை ஈ, நம் மாம்பழ ஈ, பூசணி ஈ மூன்றிலும் அது ஒரே மரபணு. கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி கொண்டு அதே மரபணுவை வெட்டி மற்ற பழ ஈக்களிலும் வெள்ளைக் கூடு வரவைக்கலாம். அப்படி வெட்டியதை எந்தச் சட்டத்தின் கீழ் வைப்பது என்பதில் நாடுகள் ஒரே மாதிரி முடிவெடுப்பதில்லை.

கேள்வி: மெத்தில் யூஜினால் பொறி நிறைய ஆணைப் பிடிக்கிறது. ஆனால் மாம்பழத்தில் குத்து குறையவில்லை. ஏன்?

பதில்: அது ஆணை மட்டுமே ஈர்க்கும். மிஞ்சும் ஒரு ஆண் பல பெண்களோடு சேரும். ஆகவே பாதி ஆணைப் பிடித்தாலும் முட்டை பாதியாகாது, ஏறக்குறைய எல்லா ஆணும் போனால்தான் குறையும். 1986க்குள் ஒகினாவாவில் மாம்பழ ஈயை மலட்டு ஆணில்லாமல், இந்தக் கவர்ச்சிப்பொருளும் பூச்சிக்கொல்லியும் மட்டுமே கொண்டு ஒழித்தார்கள். தீவு முழுக்க வைத்ததால் அது நடந்தது. நீங்களும் அக்கம்பக்கத் தோப்புக்காரர்களோடு சேர்ந்து ஒரே வாரத்தில் வையுங்கள். ஆல்கஹால், மெத்தில் யூஜினால், மாலத்தியான் மூன்றையும் 6:4:1 விகிதத்தில் கலந்து, ஒட்டுப்பலகைத் துண்டை மூடிய பாத்திரத்தில் 48 மணி நேரம் ஊறவிடுங்கள். உதிர்ந்த பழத்தை நாள்தோறும் பொறுக்குங்கள். புழு மண்ணுக்குள் போய்க் கூடு கட்டுமுன் அதைத் தோப்பைவிட்டு அகற்ற வேண்டும். பாகல், புடலைக்கு இந்தக் கவர்ச்சிப்பொருள் பயன்படாது. அங்கே வருவது பூசணி ஈ, அதற்கு கியூலூர் என்ற வேறு கவர்ச்சிப்பொருள்.