மகன் இருப்பது பழைய நிலக்கரி ஊர்: விசா மனுவில் பாரிஸ் என்று எழுதலாமா?

கேள்வி: வணக்கம் சார். வாழப்பாடி பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம், குச்சிக்கிழங்கும் (மரவள்ளி) கொஞ்சம் மஞ்சளும் போடுகிறோம். எனக்கு 63 வயது, வீட்டுக்காரம்மாவுக்கு 57, அவருக்கு ஆஸ்துமா உண்டு. மகன் ஜெர்மனியில் மார்ல் என்ற ஊரில் கெமிக்கல் கம்பெனியில் வேலை செய்கிறான். செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதம் அவனோடு இருந்துவிட்டு வர ஆசை. சேலத்தில் ஒரு ஏஜென்ட், "அது சுரங்கம் மூடிப்போன ஊர், டூரிஸ்ட் யாரும் போகாத இடம், அந்தப் பேரை எழுதினால் விசா கிடைக்காது, பாரிஸ் என்று போட்டு பிரான்ஸ் விசா எடுப்போம், அங்கிருந்து ரயிலில் போய்விடலாம்" என்கிறார். வருமான வரி கணக்கு நாங்கள் தாக்கல் செய்ததே இல்லை. அதனால் ஆளுக்கு ஐந்து லட்சம் வங்கியில் ஒரு மாதம் போட்டுவைக்கவும் அவரே ஏற்பாடு செய்கிறாராம். செய்யலாமா? நிலக்கரித் தூசி என் மனைவிக்கு ஒத்துக்கொள்ளுமா?

பதில்: ஐயா, இரண்டுமே செய்யாதீர்கள். பாரிஸ் என்றும் எழுத வேண்டாம், அந்தப் பணத்தையும் உங்கள் கணக்கில் வாங்க வேண்டாம்.

முதலில் ஊர் விஷயம். மார்ல் ஜெர்மனியின் ரூர் பகுதியில் வட ஓரத்தில் இருக்கிற சின்னத் தொழில் நகரம், மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குக் கீழே. அங்கே அவுகுஸ்டே விக்டோரியா என்ற நிலக்கரிச் சுரங்கம் இருந்தது, 2015 டிசம்பரில் மூடிவிட்டார்கள். பக்கத்து பாட்ரொப்பில் கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பர் 21 அன்று மூடப்பட்டதோடு ஜெர்மனியில் கருநிலக்கரி வெட்டுவதே முடிந்துபோனது. ஆனால் ஊர் மூடிப்போகவில்லை. 1938-ல் தொடங்கிய ரசாயன ஆலை இன்று பல நிறுவனங்கள் சேர்ந்து இயங்கும் பெரிய வளாகம், சுமார் பத்தாயிரம் பேர் வேலை பார்க்கிறார்கள், உங்கள் மகனும் அதில் ஒருவராகத்தான் இருப்பார். நெய்வேலியைப் பார்த்துவிட்டு அங்கேயும் திறந்தவெளிப் பள்ளம், தூசி என்று நீங்கள் நினைத்திருக்கலாம். ரூர் சுரங்கங்கள் தரைக்கு அடியில் இருந்தவை, அவற்றில் சில ஆயிரம் மீட்டருக்கும் கீழே போனவை. இப்போது அதுவும் இல்லை, ஆகவே நிலக்கரித் தூசியை நினைத்துப் பயப்பட வேண்டாம். அம்மாவுக்குத் தொந்தரவு தரக்கூடியது அக்டோபர் குளிர்க்காற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

விசா அதிகாரிக்கு ஊர் அழகானதா, டூரிஸ்ட் வருகிறார்களா என்பது ஒரு பொருட்டே இல்லை. பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போவது 'குடும்பத்தினர், நண்பர்களைச் சந்தித்தல்' என்ற தனிப் பிரிவில் வருகிறது. அதற்கு ஊர் எதுவாக இருந்தாலும் சரி, மகன் அங்கே வீடு எடுத்து வேலை பார்க்கிறார் என்பதே போதுமான காரணம். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் சட்டம் சொல்வது இவ்வளவுதான்: எந்த நாட்டில் அதிக நாள் தங்கப் போகிறீர்களோ, எதற்காக முக்கியமாகப் போகிறீர்களோ, அந்த நாட்டிடம் மனு போட வேண்டும். உங்களுக்கு அது ஜெர்மனி. பிரான்ஸ் விசா எடுத்துக்கொண்டு இரண்டு மாதமும் மார்லில் இருந்தால், விசாவைப் பொய் சொல்லி வாங்கியதாக ஆகிவிடும், அதை ரத்து செய்ய அதிகாரம் உண்டு. விமான நிலையத்தில் "எங்கே தங்குகிறீர்கள்" என்று கேட்டால், வயதான இருவர், ஆங்கிலம் தடுமாறும், கையில் இருப்பது ஏஜென்ட் எடுத்துக்கொடுத்த பாரிஸ் ஹோட்டல் புக்கிங், வெளியே காத்திருப்பது மார்லில் இருந்து வந்த மகன். அந்த நிலையில் உங்களை நிறுத்திப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அப்போது அந்த ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார்.

இவர்கள் ஏன் பிரான்ஸ், இத்தாலி என்று தள்ளுகிறார்கள் தெரியுமா? எந்த நாட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறதோ அந்த நாட்டுக்குத் தள்ளிவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. அப்பாயின்ட்மென்ட்டை, விசா மனுக்களை வாங்கும் வி.எஃப்.எஸ். நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களோ மகனோ எடுக்கலாம், அதை விற்க யாருக்கும் உரிமை கிடையாது. கோடை நெருங்கினால் தேதிகள் கிடைப்பது பெரும்பாடு. அந்தப் பெரும்பாட்டில்தான் இந்தத் தொழிலே ஓடுகிறது. இத்தனை ஆண்டுகளாக இதைச் சரிசெய்யாமல் விட்டுவைத்திருப்பது அநியாயம். நாள் தள்ளாமல் பார்ப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனு போடலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும், சந்தேகம் இருந்தால் 45 நாள் வரை போகும்.

இனி பணம். உங்கள் கணக்கில் வழக்கமாக இருபதாயிரம், முப்பதாயிரம் வந்துபோகும், திடீரென்று ஒரே நாளில் ஐந்து லட்சம் விழுந்தால் அதைப் பார்க்கிறவருக்கு ஒரு நொடி போதும். அவர்கள் கேட்பது கடைசி மாதங்களின் முழு வரவு செலவு, கடைசித் தொகை மட்டும் இல்லை. அதைவிட முக்கியம், இந்தப் பணம் உங்களுக்குத் தேவையே இல்லை. மகன் தான் வாழும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் காட்டி, "என் பெற்றோரின் தங்கும் செலவு, மருத்துவச் செலவு எல்லாம் என் பொறுப்பு" என்று ஒரு பொறுப்பேற்புப் பத்திரம் எழுதிக்கொடுக்கலாம். கட்டணம் 29 யூரோ. மகனே கணினியில் தட்டிக் கையெழுத்துப் போடுகிற அழைப்புக் கடிதம் வேறு, இது அரசு முத்திரையோடு வருகிற பத்திரம். சேலத்தில் பலர் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு போய் மாட்டிக்கொள்கிறார்கள். பத்திரத்தில் மகனின் நிதிநிலை நிரூபிக்கப்பட்டது என்று அந்த அலுவலகம் குறித்திருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் படம் போதாது, அசல் கூரியரில் வர வேண்டும். எழுதி ஆறு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும். பிறகு அதன் நகலைப் பயணத்திலும் கைப்பையில் வைத்திருங்கள்.

செலவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இதோடு முடிந்தது. மிச்சம் இருப்பது ஒரே கேள்வி: திரும்பி வருவீர்களா? நிராகரிப்புப் படிவத்தில் வரிசையாக அச்சடித்த காரணங்கள் இருக்கும், அதில் நம் ஊர் பெரியவர்களுக்கு அதிகம் டிக் ஆவது, குறித்த காலத்தில் திரும்பிப் போவார்கள் என்பதில் சந்தேகம் இருக்கிறது என்ற வரிதான். கடன் வாங்கி வங்கியில் போட்ட ஐந்து லட்சம் இதற்குப் பதில் ஆகாது. உங்கள் நிலம் பதில் ஆகும்.

வருமான வரி தாக்கல் செய்யாதது குற்றமா என்று பயந்திருக்கிறீர்கள். விவசாய வருமானத்துக்கு நம் நாட்டில் வருமான வரி கிடையாது, வேறு வருமானம் இல்லாத விவசாயி தாக்கல் செய்யவில்லை என்றால் அதில் ஒளிக்க எதுவும் இல்லை. ஆனால் விசாவுக்குக் கேட்கும் தாள்களின் பட்டியலில் 'வருமான வரிக் கணக்கு' என்று ஒரு வரி இருக்கும், அதை வெறுமையாக விட்டால், வருமானமே இல்லாதவர் என்று படித்துவிடுவார்கள். மாதச் சம்பளக்காரருக்காகவே செய்த பட்டியல் இது. மூன்று ஏக்கரில் உழைத்து ஒரு பிள்ளையை ஜெர்மனிவரை படிக்கவைத்த மனிதர் அந்தப் பட்டியலில் எந்தக் கட்டத்திலும் பொருந்த மாட்டார், எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. ஆகவே நாமே கட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். "எங்கள் வருமானம் விவசாயத்தில் வருவது, அதற்கு வரி இல்லை, ஆகையால் தாக்கல் செய்யவில்லை" என்று ஒரு பக்கக் கடிதம். கூடவே பட்டா, சிட்டா. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்குங்கள், அதில் நடப்புப் பயிர் பதிவாகி இருக்கிறதா என்று நின்று பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் பல அடங்கல்களில் எப்போதோ போட்ட பயிர் அப்படியே இருக்கும். தாசில்தார் தரும் வருமானச் சான்று, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருந்தால் அந்தப் பாஸ்புக், அடைத்த கடனாக இருந்தாலும் சரி.

பட்டாவில்தான் பெரும்பாலும் சிக்கல். இன்னும் உங்கள் அப்பா பெயரிலேயே இருக்கிறதா? அப்படியானால் அதை அப்படியே வைத்துவிட்டு, வாரிசுச் சான்றிதழையும் சேருங்கள். அண்ணன் தம்பி பெயரில் கூட்டுப் பட்டாவா? உங்கள் பங்கு எவ்வளவு என்று பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு அனுபவிக்கிறீர்கள் என்று கடிதத்திலேயே நேராக எழுதுங்கள். நிலம் மனைவி பெயரில் இருந்தாலும் தவறில்லை, இருவரும் சேர்ந்துதானே போகிறீர்கள். தனிப் பட்டா ஒரே வாரத்தில் எடுத்துத் தருகிறேன் என்று எவராவது சொன்னால் மட்டும் விலகி நில்லுங்கள். தமிழில் இருக்கும் ஒவ்வொரு தாளுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும், அதில் 'ஹெக்டேர், ஏர்ஸ்' அளவை ஏக்கர் என்று தப்பாகப் போட்டு நிலத்தின் அளவையே மாற்றிவிடுகிறார்கள், சரிபாருங்கள். கிழங்கு கொடுத்த சேகோ (ஜவ்வரிசி) ஆலையிடம் எடைச் சீட்டும், மாவுச்சத்துக்குப் பாயின்ட் போட்டுப் பணம் கொடுத்த ரசீதும் கேளுங்கள். ரொக்கமாக வாங்கியிருந்தால் இனி வங்கி வழியாக வாங்குங்கள். உங்கள் கிழங்கு மார்கழி, தை வாக்கில் பிடுங்க வேண்டியதாக இருந்தால் அதையும் எழுதுங்கள், அக்டோபர் கடைசியில் நீங்கள் திரும்புவதற்கு அதைவிட நல்ல காரணம் எந்த வங்கியும் தர முடியாது.

மற்றவை சுருக்கமாக. கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, வி.எஃப்.எஸ். சேவைக் கட்டணம் தனி. கைரேகை வைக்க இருவரும் நேரில் சென்னை போக வேண்டும், சேலத்தில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலை சென்னை. மகனின் பிறப்புச் சான்றிதழ் உறவுக்கு ஆதாரம், அதில் உங்கள் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் இனிஷியல் உட்பட ஒத்துப்போகிறதா பாருங்கள். விசா வருமுன் முழுப்பணம் கட்டி டிக்கெட் எடுக்காதீர்கள். விசா வந்ததும் அதில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நாள்தான், 'ஷெங்கன் என்றாலே 90 நாள்' என்ற பேச்சை நம்பித் தங்கிவிடாதீர்கள்.

தவறான தாள் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். நிராகரிப்பு 29 ஷெங்கன் நாடுகளும் பார்க்கிற பதிவில் ஐந்தாண்டு கிடக்கும். முன்பெல்லாம் ஜெர்மன் தூதரகத்துக்கே ஒரு கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்க முடிந்தது, செலவில்லாத வழி அது. 2025 ஜூலை 1 முதல் அதை உலகம் முழுவதும் எடுத்துவிட்டார்கள். இப்போது புதிதாக மனு போட வேண்டும், இல்லாவிட்டால் பெர்லினில் வழக்குப் போட வேண்டும். வாழப்பாடியில் இருந்து பெர்லினில் வழக்கு! ஆகவே முதல் மனுவே சுத்தமாக இருக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, அவசரச் சிகிச்சையும் ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவும் சேர்த்து இருக்க வேண்டும். ஏஜென்ட் தருகிற மலிவான பாலிசியும் விசாவுக்குப் போதும்தான், ஆனால் அதில் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் கிடையாது என்று ஒரு வரி இருக்கும். அம்மாவுக்கு ஆஸ்துமா இருப்பதை மறைக்காமல் எழுதி, திடீர் மூச்சுத்திணறலுக்காவது பணம் தரும் பாலிசியாகப் பார்த்து வாங்குங்கள். ஜெர்மனியில் ஆஸ்பத்திரி பில் வந்தால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட மகன் தலையில்தான் விழும். இன்ஹேலர் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து, அட்டைப் பெட்டியோடு, மருத்துவரின் ஆங்கிலச் சீட்டோடு கைப்பையில். கழுத்துக்கும் மூக்குக்கும் கம்பளித் துணி. பெட்டியில் நெய், பால்கோவா, கறிவேப்பிலை வைக்காதீர்கள், பால் பொருளும் பச்சை இலையும் அங்கே சுங்கத்தில் பறிபோகும். ஜவ்வரிசி வடாம், ஏற்காட்டுக் காபித்தூள் தாராளமாகக் கொண்டுபோகலாம்.

போன பிறகு வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டாம். 1986-ல் மூடிய எஸ்ஸன் நகரத்துச் சோல்ஃபெரைன் சுரங்கம் 2001 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம், பெரிய இரும்புக் கோபுரத்தோடு அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதே மாநிலத்தில் ஹாம் என்ற ஊர், அதுவும் நிலக்கரி ஊர்தான், அங்கே இலங்கைத் தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்மன் கோவில் ராஜகோபுரத்தோடு நிற்கிறது, 2002-ல் குடமுழுக்கு ஆனது. தேர்த் திருவிழா கோடையில் முடிந்திருக்கும், ஆனாலும் அம்மாவுக்கு அங்கே ஒரு நாள் போதாது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே பால் வாங்கிவிடுங்கள். நாடு முழுவதும் வட்டார ரயில், பஸ்ஸுக்குச் செல்லும் மாதச் சீட்டு எடுத்தால் அது தானாகவே அடுத்த மாதத்துக்கும் நீளும், நிறுத்த வேண்டுமென்றால் அந்த மாதம் 10-ம் தேதிக்குள் சொல்ல வேண்டும், மகனுக்கு நினைவுபடுத்துங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது இரண்டு. மகனை அந்த வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கேட்கச் சொல்லுங்கள், அங்கேயும் வாரக்கணக்கில் இழுக்கும். ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டுகளைக் கொடுத்திருந்தால் போய்த் திரும்ப வாங்குங்கள், முன்பணம் போனாலும் பரவாயில்லை. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு அதிகாரம் கிடையாது, தர மறுத்தால் நேராகக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.