படுக்கையை விட்டு எழுந்ததும் அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது, எப்படித் தடுப்பது?

அப்பாவுக்கு 70 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், எழுந்தால் கண் இருட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். ரத்தக்குழாய்கள் உடனே சுருங்கி அதை ஈடுகட்ட வேண்டும். வயதானாலோ, நாள்பட்ட சர்க்கரை இருந்தாலோ அது தாமதமாகும்; அப்போது பிரஷர் இறங்கித் தலை சுற்றும்.

படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் ஒரு தடவை பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20, இல்லை கீழ் அளவு 10 இறங்கினால், எழும்போது பிரஷர் இறங்குவதுதான் காரணம்.

என் அம்மாவுக்கும் இதே தொல்லை. தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீர் இருக்கும். விழித்ததும் உட்கார்ந்து இரண்டு டம்ளர் குடிப்பார். காலைத் தொங்கப்போட்டு, பாதத்தை மேலும் கீழும் நன்றாக ஆட்டிவிட்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். கிறுகிறுவென்று வந்தால் கால்களைப் பின்னித் தொடையை இறுக்கச் சொல்லுங்கள். அடங்கவில்லையா, அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். கௌரவம் பார்க்கவே கூடாது.

நம் மதுரை வெயிலில், அதுவும் சித்திரையில் அழகரைப் பார்க்க மணிக்கணக்கில் நிற்கும்போது, இது இன்னும் மோசமாகும். நீர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரையாலும் வரும். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், உப்பையும் கூட்டாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். நெஞ்சுவலியோ கறுப்பாக மலமோ இருந்தால், மயங்கி விழுந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.