தண்ணீர்க் கணக்கு

அன்புள்ள ஐயா,

என் கணவருக்கு 48 வயது. இரண்டு வருஷமாக டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். கிட்னி கொடுக்க நான் தயாராக இருந்தேன், ரத்த குரூப் சேரவில்லை. வருகிறவர்கள் எல்லாம் “நம்பிக்கையா இருங்க” என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். அவர் எதிரில் நான் காபி குடித்தே நாளாகிறது. நேற்று அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடித்துவிட்டாரென்று கத்திவிட்டேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். எதன்மேல் ஐயா நம்பிக்கை வைப்பது?

பெயர் வேண்டாம், விருதுநகர்

அன்புள்ள சகோதரிக்கு,

என் அண்ணனுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து இது ஏழாவது வருஷம். மதினியும் முதல் வருஷம் முழுக்கத் தண்ணீர்க் குடத்துக்குக் காவல் இருந்தவர்தான். அப்போது அவர்கள் இரண்டு பேரும் நம்பிக்கையைக் கிரியாட்டினினில், அதாவது ரத்தத்தில் சேரும் கழிவின் அளவில், கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அது டயாலிசிஸ் முடிந்ததும் இறங்கும், அடுத்த தடவைக்குள் ஏறிவிடும். அதன் சுபாவமே அதுதான். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் வாரத்துக்கு மூன்று வெற்றி, மூன்று தோல்வி. யாரால் முடியும்?

மதினி செய்த நல்ல காரியம், காவலை விட்டது. அண்ணனுக்கு டாக்டர் சொன்ன அளவு ஒரு நாளைக்கு 750 மில்லி. (இது ஆளுக்கு ஆள் மாறும், உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.) ரசம், மோர், மாத்திரைக்கான தண்ணீர் எல்லாவற்றுக்கும் கழித்துக்கொண்டு, மிச்சத்தைக் காலையில் ஒரு பாட்டிலில் ஊற்றி அவர் கையில் கொடுத்துவிடுவார். அதன்பிறகு “எவ்வளவு இருக்கு?” என்று கேட்கக் கூடாது என்று ஒப்பந்தம். அண்ணன் அதில் கொஞ்சத்தை ஐஸ் கட்டியாக்கி வாயில் அடக்கிக்கொள்வார். கூடுதலாகக் குடித்தால் அது உடம்பிலேயே தங்கும், அடுத்த டயாலிசிஸுக்குப் போகும்போது எடை மெஷின் சொல்லிவிடும். மனைவியும் சொல்ல வேண்டுமா என்ன? சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவே இடைவெளி நீளம், அதனால் திங்கட்கிழமை மட்டும் அவரே ஜாக்கிரதையாக இருக்கப் பழகிவிட்டார்.

இன்னொன்று. அண்ணனுக்கு இடது கையில் ஃபிஸ்டுலா, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கும் இடம். தூங்குமுன் மதினி அதன்மேல் விரல் வைத்துப் பார்ப்பார். மடியில் படுத்த பூனை உறுமுமே, அந்த மாதிரி ஓர் அதிர்வு விரலுக்கு வரும். அது நின்றுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அதற்குத்தான் இந்தச் சோதனை. ஆனால் மதினி ஒருநாள் சொன்னார்: “கல்யாணமாகி இருபது வருஷத்துல இவங்க கையை இம்புட்டு நாள் புடிச்சதே இல்ல.” அண்ணன் திரும்பிப் படுத்துச் சிரித்தார்.

ரத்த குரூப் சேராததோடு கதவு மூடிவிடவில்லை. 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011இல் செய்த திருத்தம், உங்களைப் போலவே பொருந்தாமல் நிற்கும் இன்னொரு குடும்பத்தோடு சிறுநீரகத்தை மாற்றிக்கொள்ள இடம் தருகிறது. உங்கள் கிட்னி அந்த வீட்டுக்கு, அவர்களுடையது உங்கள் வீட்டுக்கு. டாக்டரிடம் “ஸ்வாப்” என்று கேளுங்கள், புரியும். மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறுவதற்கான டிரான்ஸ்டான் (தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையம்) பட்டியலிலும் ஆஸ்பத்திரி மூலமாகப் பதிந்து வையுங்கள். பதிந்தபிறகு தினமும் போனைப் பார்க்காதீர்கள்.

போன வருஷம் அவர்கள் திருச்செந்தூர் போய் மூன்று நாள் தங்கினார்கள். தூத்துக்குடியில் ஒரு சென்டரில் முன்கூட்டியே சொல்லி, மஞ்சள்காமாலை, எச்ஐவி பரிசோதனை ரிப்போர்ட்டுகளை அனுப்பி, நடுவில் ஒரு டயாலிசிஸுக்கு இடம் பிடித்தார்கள். ரயில் டிக்கெட் எடுத்த நாளிலிருந்து மதினி குரலே வேறு. ஆறு வாரத்துக்கு அப்பால் ஒரு தேதி இருந்தது, அவ்வளவுதான். எதன்மேல் வைப்பது என்று கேட்டீர்களே, நான் பார்த்தது இந்த அளவு நம்பிக்கையைத்தான்.

கத்தியதற்காக ரொம்ப வருந்தாதீர்கள், அவருக்கும் தெரியும். இன்று சாயங்காலம் காபி போடுங்கள். அவருடைய கணக்கில் 50 மில்லி, சின்ன எவர்சில்வர் டம்ளரில். உங்களுக்கும் அதே டம்ளர், அதே அளவு.