பிஸ்கட் டப்பாவில் நாற்பது பிக்

கேள்வி: எனக்கு வயது 19. பெரம்பூரில் எங்கள் தெருவில் ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயர்டான ஒரு பெரியவரிடம் பழைய அகூஸ்டிக் கிட்டார் ஒன்று வாங்கினேன். அவரிடம் ஒரு பிஸ்கட் டப்பாவில் 40 பிக் (கிட்டார் கம்பியை மீட்டுகிற சின்னத் தகடு) இருக்கிறது. டப்பாவோடு 1,200 ரூபாய் சொல்கிறார். அதில் மூன்று 'ஆமை ஓடு' என்கிறார். வாங்கலாமா?

பதில்: தம்பி, டப்பாவோடு வேண்டாம். பொறுக்கி எடுத்துக்கொள்ள விடுவாரா என்று கேளுங்கள். கணக்குப் பார்த்தால் ஒன்று 30 ரூபாய் ஆகிறது, சாதாரண நைலான் பிக் கடையில் புதிதாகவே கிட்டத்தட்ட அந்த விலைக்குக் கிடைத்துவிடும். பழைய கிட்டாரில் நாதம் கூடும் என்று சொல்பவர்கள் உண்டு, பிக்குக்கு அந்த யோகமெல்லாம் கிடையாது, அடிக்க அடிக்கத் தேயும், அவ்வளவுதான்.

முதலில் முனையைப் பாருங்கள். ஒரு புது பிக்கைக் கையோடு கொண்டுபோய், அதன்மேல் பழையதை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கும், வாசித்தவர் கை எந்தக் கோணத்தில் விழுந்தது என்பதுகூட அதில் தெரியும். அப்புறம் விளிம்பைப் பருத்திக் கைக்குட்டையில் மெதுவாக இழுங்கள். நூல் மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. நான் காலேஜ் படிக்கும்போது ஒரு பழைய சாமான் கடையில் கைப்பிடி நைலான் பிக்கை அள்ளிக்கொண்டு வந்து, தடித்த கம்பிகளில் அடிக்கும்போதெல்லாம் கீச் கீச்சென்று கேட்க, கம்பிதான் மட்டம் என்று நினைத்து ஒரு செட் கம்பியையே மாற்றினேன். மாற்றிய பிறகும் அதே கீச். கடைசியில் பார்த்தால் பிக்கின் ஓரம் தேங்காய் நார் மாதிரி பிரிந்து கிடந்தது. பிசிறு மட்டும்தான் என்றால் நைஸான உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்தால் சரியாகிவிடும், முனையே மழுங்கிப்போனதை என்ன செய்தாலும் பழைய கூர்மை வராது. மழுங்கிய பிக்கில் சத்தம் கொஞ்சம் மந்தமாக, மெத்தென்று வரும். அதையே விரும்பி வாசிப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் நீங்கள் இப்போதுதான் கற்றுக்கொள்கிறீர்கள்.

டப்பாவில் டன்லப் கம்பெனியின் டார்டெக்ஸ் பிக் இருந்தால் எழுத்து அழிந்திருந்தாலும் கவலையில்லை, நிறமே கனத்தைச் சொல்லும்: ஆரஞ்சு 0.60 மி.மீ., மஞ்சள் 0.73, பச்சை 0.88. புதிதில் அதன் மேல்பரப்பு சாக்பீஸ் தூள் தடவியது போல இருக்கும், விரல் பட்டுப் பட்டு வழவழப்பாகியிருந்தால் நிறைய உழைத்த பிக் என்று அர்த்தம். உங்களுக்கு மஞ்சளும் பச்சையும் போதும்.

இப்போது அந்த ஆமை ஓடு. அந்தக் காலத்தில் நிஜமாகவே அழுங்காமை என்ற கடல் ஆமையின் ஓட்டில்தான் நல்ல பிக் செய்தார்கள். அந்த ஆமை அழியும் நிலைக்குப் போனதால் 1970களில் உலக வணிகத்துக்கே தடை வந்தது, நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வாங்குவதும் குற்றம். நம் பெசன்ட் நகர் கடற்கரையில் பசங்க ராத்திரியெல்லாம் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைப் பொறுக்கிப் பாதுகாக்கிறார்கள், நீங்கள் அதன் உறவுக்கார ஆமையின் ஓட்டில் கிட்டார் அடிக்க வேண்டாம். ஆனால் பெரியவர் பொய் சொல்கிறார் என்றும் நினைக்காதீர்கள். பழுப்பும் மஞ்சளும் திட்டுத் திட்டாக இருக்கிற செல்லுலாய்ட் (ஒரு பழைய வகை பிளாஸ்டிக்) பிக்குக்கே கடைகளில் 'ஷெல்' என்றுதான் பேர், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். துணியில் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள், லேசாகக் கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்ட், ஏனென்றால் அதைச் செய்வதே கற்பூரம் சேர்த்துத்தான். கொளுத்திப் பார்த்தால் தெரியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், செல்லுலாய்ட் குப்பென்று பிடித்துக்கொள்ளும், கை வெந்துவிடும். வாசனையும் வரவில்லை, உங்களுக்குச் சந்தேகமாகவே இருக்கிறது என்றால் அந்த மூன்றையும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

முனை நன்றாக இருக்கிற ஒரு பத்து பன்னிரண்டு தேறும் என்று நினைக்கிறேன். அதற்கு 150 ரூபாய், மிஞ்சிப்போனால் 200 கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள், வெந்நீர் வேண்டாம். செல்லுலாய்ட் பிக்கை மட்டும் கிட்டார் கேஸுக்குள் போட்டு மூடி வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் பழைய செல்லுலாய்ட் சிதைய ஆரம்பித்தால் அதிலிருந்து வரும் அமில ஆவி கம்பியையும் கம்பியை முறுக்கும் கீயையும் அரித்துவிடும். வெயில் படாத இடத்தில் ஒரு கிண்ணத்தில் திறந்து கிடக்கட்டும்.