தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் சின்ன மகளுக்கு ஆங்கிலப் பாடத்தில் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ என்ற நாவலை வைத்திருக்கிறார்கள். பலாத்கார வழக்கெல்லாம் வருகிறதாம். அதைப் படித்ததிலிருந்து எல்லோரையும் எதிர்த்துப் பேசுகிறாள். போன மாதம் பெரியவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, பின்கட்டில் என் கொழுந்தனார் அறைத் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள். (அவருக்குக் கல்லூரி நாளிலிருந்தே கொஞ்சம் சரியில்லை. யாரோடும் பேச மாட்டார்.) கூடத்துக்கு வந்து எல்லோரையும் கும்பிட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்றுவரை பதில் இல்லை. மாமனார் கட்டிய வீட்டில் கௌரவமாக வாழ்கிற குடும்பம் நாங்கள். இந்த வயதில் இப்படிப்பட்ட புத்தகம் தேவையா? பள்ளியில் போய்ச் சொல்லலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: பள்ளிக்குப் போகாதீர்கள். புத்தகம் பிள்ளையைக் கெடுத்துவிட்டது என்று எனக்கு மாதாமாதம் கடிதம் வருகிறது. முன்பு தொடர்கதை கெடுத்தது, பிறகு டிவி கெடுத்தது, இப்போது செல்போன். பாடப்புத்தகமே கெடுத்ததாக வந்திருப்பது ஒரு மாறுதல்தான்.

தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகள் அறைக்கு வெளியே நின்று திறந்திருக்கிறாள். அப்படியென்றால் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது. உள்ளே ஓர் ஆள் இருக்கிறார். அதைப் போட்டது யார்? நீங்களா, உங்கள் கணவரா? அன்றைக்கு மட்டுமா, தினமுமா?

நாவலை நீங்கள் படிக்கவில்லை என்பது தெரிகிறது. வழக்கைப் பற்றி மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஹார்ப்பர் லீ எழுதி 1960-இல் வந்தது. மறு ஆண்டே புலிட்சர் பரிசு வாங்கியது. கதை நடப்பது 1930-களில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மேகோம்ப் என்ற கற்பனை ஊரில். ஆறு வயது நிரம்பாத ஸ்கவுட் என்ற சிறுமியும் அவள் அண்ணன் ஜெம்மும் மூன்று வருடத்தில் எப்படி வளர்கிறார்கள் என்பதுதான் கதை. டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்ததாகப் பொய்ப் பழி. அவனுக்காக வாதாடுகிறவர் இந்தப் பிள்ளைகளின் அப்பா அட்டிகஸ். பருத்தி ஆலை இயந்திரத்தில் சிக்கி அவனுடைய இடது கை சின்ன வயதிலேயே முடமாகிப்போனது. அந்தப் பெண்ணின் முகத்தில் அடிபட்டிருப்பதோ வலப்பக்கம். எதிரே நின்று வலக்கையால் அறைந்தால் காயம் அந்தப் பக்கம் விழாது. வெள்ளைக்கார நடுவர்களுக்கு இதெல்லாம் நன்றாகவே புரிகிறது. புரிந்தும் குற்றவாளி என்கிறார்கள்.

பலாத்காரம் என்றால் என்ன என்று அந்தச் சிறுமியே அப்பாவிடம் கேட்கிறாள். பெருமூச்சு விடுகிறார், ஆனால் பேச்சை மாற்றாமல் நேராகப் பதில் சொல்கிறார். அவளுக்கு அப்போது எட்டு வயது. உங்கள் மகளுக்குப் பதினான்கு.

நீங்கள் படிக்க வேண்டியது வழக்கை அல்ல, பக்கத்து வீட்டுக்காரன் கதையை. ஆர்தர் ராட்லி. ஊர்ப்பிள்ளைகள் வைத்த பெயர் ‘பூ’ (Boo). இளவட்டத்தில் சேர்க்கை சரியில்லை. ஒரு ராத்திரி இரவல் காரைப் பின்பக்கமாகவே ஓட்டி ஊர்ச் சதுக்கத்தைச் சுற்றுகிறார்கள், பிடிக்க வந்த வயசான காவலரைக் கழிப்பறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். கூட்டாளிகளைத் தொழிற்பள்ளிக்கு அனுப்புகிறார் நீதிபதி. ஆர்தரின் அப்பாவுக்கு அது கௌரவக் குறைச்சல். இனி ஒரு தொந்தரவும் வராது, நானாயிற்று என்று வாக்குக் கொடுத்து மகனை வீட்டுக்கு அழைத்துப் போகிறார். அடுத்த 15 வருடம் அவனை ஊரில் யாரும் பார்க்கவில்லை. தண்டனை என்று அனுப்பப்பட்ட பையன்கள் அங்கே நன்றாகப் படித்தார்கள், ஒருவன் இன்ஜினியரிங் வரை போனான். குடும்பம் காப்பாற்றிய பிள்ளைதான் வீணாய்ப் போனான்.

ஊர் சும்மா இருக்குமா? அணிலைப் பச்சையாகத் தின்கிறான், ராத்திரியில் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறான், அவன் வீட்டு மரத்துக் கொட்டையைத் தின்றால் சாவு நிச்சயம் என்று கதை கட்டுகிறது. அந்த ஆர்தர்தான் யாருக்கும் தெரியாமல், வேலியோரத்து ஓக் மரப்பொந்தில் அந்தப் பிள்ளைகளுக்காகச் சாமான் வைக்கிறான். சூயிங்கம், பழைய காசு, ஓடாத பாக்கெட் கடிகாரம், அந்த இரண்டு பேரைப் போலவே சோப்பில் செதுக்கிய பொம்மைகள். பிள்ளைகள் நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போகிறார்கள். பொந்தில் சிமெண்ட் பூசியிருக்கிறது.

பூசியது யார் தெரியுமா? அவனுடைய சொந்த அண்ணன். நேதன் ராட்லி. அப்பன் செத்தான், இனியாவது அவன் வெளியே வருவான் என்று பார்த்தால், வெளியூரிலிருந்த அண்ணன் வந்து அப்பன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான். ஏன் அடைத்தீர்கள் என்று ஜெம் கேட்டால், மரத்துக்கு நோய் என்கிறான். இலையெல்லாம் பச்சைப்பசேல் என்று இருக்கிறதே என்கிறார் அட்டிகஸ். பையன் இருட்டும்வரை தாழ்வாரத்தில் தனியாக நின்றுவிட்டு உள்ளே வருகிறான். முகத்தில் அழுத தடம். அவன் பெரியவனாகத் தொடங்கியது அந்தச் சாயங்காலத்தில்தான் என்பது என் எண்ணம், கோர்ட்டில் அல்ல.

ஆர்தரைக் கட்டிலில் சங்கிலி போட்டுக் கட்டியிருப்பார்கள் என்று ஜெம் நினைக்கிறான். அப்படி இல்லை, ஆளைப் பேயாக்க வேறு வழிகள் உண்டு என்கிறார் அட்டிகஸ். எல்லோரும் கொண்டாடும் அந்த மனிதர்மேல் எனக்கு இங்கே ஒரு குறை உண்டு. இவ்வளவு தெரிந்தவர் அந்தக் கதவைத் தட்டவில்லை. அவர்கள் வீட்டு விஷயம் என்று விட்டுவிடுகிறார். உங்கள் மகள் அவரைவிட ஒரு படி மேலே போயிருக்கிறாள்.

சங்கிலி நம் ஊருக்குத் தெரியாததா? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்களில் பெரும்பாலோர் பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும்தான். மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டவே கூடாது என்று 2017-இல் சட்டம் வந்தாயிற்று. எங்கள் வீட்டில் சங்கிலி இல்லையே என்பீர்கள். தாழ்ப்பாள் இருக்கிறதே, அம்மா.

அவர் கூடத்துக்கு வந்து என்ன செய்தார்? கும்பிட்டார். அண்ணன் மகளைப் பார்க்க வந்தவர்களுக்கு ஒரு சித்தப்பா செய்ய வேண்டியதைச் செய்தார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லாததால் நின்றார். அந்தக் கூடத்தில் மரியாதை தெரியாதவர் அவரல்ல. எதிர்த்துப் பேசுகிறாள் என்று மகளைக் குறை சொல்கிறீர்கள். அவள் என்ன பேசினாள் என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தால் உங்களுக்கே விளங்கியிருக்கும்.

இன்னொன்று. மாமனார் கட்டிய வீடு என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அவர் உயில் எழுதாமல் போயிருந்தால் அந்தக் கூடத்தில் கொழுந்தனாருக்கும் பங்கு உண்டு. பங்குக்காரரைப் பின்கட்டில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கௌரவம் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

உடம்பு சரியில்லாதவரை வைத்துப் பார்ப்பது லேசில்லை, அது எனக்குத் தெரியும். சமையல், மருந்து, ராத்திரி விழிப்பு எல்லாம் உங்கள் தலையில்தான் விழுந்திருக்கும். அதற்காக அவரை எங்காவது கொண்டுபோய் விடுங்கள் என்று சொல்கிற ஆள் நானில்லை. கூடப் பிறந்தவனைக் கூடத்தில் வைத்துப் பார்ப்பதுதான் குடும்பம். ஆனால் கடைசியாக டாக்டரிடம் எப்போது காட்டினீர்கள் என்று கடிதத்தில் இல்லையே? அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். முதலில் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றுங்கள். கதவுக்குத் தாழ் வேண்டுமென்றால் உள்பக்கம் வையுங்கள், அவர் விரும்பும்போது போட்டுக்கொள்ளட்டும்.

மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்களே போன் செய்யுங்கள். அன்றைக்கு வந்து கும்பிட்டவர் பெண்ணின் சித்தப்பா, இன்ன உடல்நிலை, எங்களோடுதான் இருக்கிறார், இருப்பார் என்று சொல்லுங்கள். அதற்காகப் பின்வாங்குகிறவர்கள் பின்வாங்கட்டும். மறைத்துக் கட்டிவைத்து, வளைகாப்பன்று தெரிந்தால் பேச்சு வாங்கப்போவது நீங்களல்ல, உங்கள் பெரிய மகள்.

எல்லாவற்றையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், தம்பியைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை எழுதவில்லை. சின்னவளிடம் அந்த நாவலை இரண்டு நாள் இரவல் வாங்கி அவரிடம் கொடுங்கள். ஆங்கிலம் வராது என்றால் நேதன் ராட்லி வரும் பக்கங்களை அவளையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த கடிதம் அவர் கையெழுத்தில் வரட்டும்.